ரங்கசாமிக்கு ஏன் காய்ச்சல் வரவில்லை?

நான் ஓய்வுபெற்ற சர்ஜரி வார்டில் இப்போது என் நாற்காலியில் உட்காருபவர் ஆன்சி. போன மாதம் வாட்ஸாப்பில் குரல் அனுப்பியிருந்தார்.

“சாகுல் சார், நம்ம லேபுக்குப் புது மெஷின் வந்திருக்கு. ரத்தம் வெச்சா வெள்ளணுக்கள் முழிச்சிருக்கா தூங்குதான்னு வரைக்கும் சொல்லிடுமாம். ஆபரேஷன் ஆனவங்கள்ல யாருக்கு இன்ஃபெக்‌ஷன் வரும்னு முன்னாடியே தெரிஞ்சுடுமாம். உங்க காலத்துல இதையெல்லாம் எப்படி சார் கண்டுபிடிச்சீங்க? நம்ம நர்ஸுங்க சங்க மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க.”

உங்க காலமாம். நான் ஓய்வுபெற்று இன்னும் இரண்டு ஓணம்கூட முழுசாக முடியவில்லை. கேரள அரசு ஐம்பத்தாறு வயதில் ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது; மீசைக்கு மை வாங்கிய டப்பா தீர்வதற்குள் பென்ஷன் வந்துவிட்டது. ஆன்சிக்கோ நான் கற்காலத்து மனிதன்.

கேள்விக்கு நேர்மையான பதில், கண்டுபிடிக்கவில்லை என்பதுதான். கண்டுபிடிக்காமல் இருப்பது எப்படி என்று வேண்டுமானால் எழுதலாம். அதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

பாலக்காட்டில் எங்கள் குடும்பத்துக்குத் துணிக்கடை. நான் நர்சிங் படிக்கப் போகிறேன் என்றதும் அத்தா கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, “ஊசி பிடிக்கணும்னா பக்கத்துல தையக்கடை இருக்கே, அங்க சேர்ந்துக்கோயேண்டா” என்றார். சேரவில்லை. படித்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் ஆபரேஷனைப் பார்த்தபோது மயங்கி விழுந்தேன். இரண்டாவதைப் பார்த்தபோது முன்னெச்சரிக்கையாகச் சுவரோரம் நின்று மயங்கினேன். அந்த முன்னேற்றத்தைப் பாராட்டிச் சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள்.

முதல் வேலை இடுக்கியில், காந்தலூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அங்கே வெட்டுக்காயத்துக்குத் தையல் போடுவதுதான் மகா பெரிய சர்ஜரி. ஒருநாள் பூண்டு வயலில் அரிவாள் பட்ட கையோடு முருகன் என்று ஒருவர் வந்தார். டாக்டர் தையல் போட்டுவிட்டு ஏதோ மீட்டிங்குக்குப் போனார். மறுநாள் காலை முருகனின் உடம்பு நூறு டிகிரி காட்டியது. எனக்கு அதைவிடக் கூட இருந்திருக்கும். தொற்று, ரத்தத்தில் விஷம், மரணம், விசாரணை, என் அத்தாவின் முகம் என்று வரிசையாக ஓடியது. கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ஜீப்பை மறித்து, மூட்டைகளின் மேல் முருகனைப் படுக்கவைத்து, சலைன் பாட்டிலை நானே தூக்கிப் பிடித்துக்கொண்டு மலையிறங்கினேன். கீழே இருந்த டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். “காயம் பட்ட உடம்பு முதல் நாள் கொஞ்சம் சுடத்தான் செய்யும். சாயந்தரம் இறங்கிடும்” என்று சொல்லி, என்னை உட்காரவைத்து முதலில் எனக்குத் தண்ணீர் கொடுத்தார்.

திரும்பி வரும்போது முருகன் கேட்டார்: “எனக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிப்போச்சு. கோசையாவது சந்தையில எறக்கிட்டு வந்திருக்கலாம்லா பாய்? அதையும் ஏன் திருப்பி மேல கொண்டு போறோம்?”

நான் காலியான சலைன் பாட்டிலை இன்னும் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இதிலிருந்து அறிவுள்ளவன் ‘எல்லாக் காய்ச்சலும் ஆபத்தல்ல’ என்று கற்றுக்கொண்டிருப்பான். நான் என்னவோ, ‘காய்ச்சல் வந்தால் பதறு, வராவிட்டால் நிம்மதியாக இரு’ என்பதை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இருபது வருடங்களுக்கு மேல் அந்த ஒரே கொள்கையோடு வண்டி ஓடியது.

பிறகு மாற்றலாகி கிழக்குப் பாலக்காட்டுக்கு, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஓர் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பெயர் வேண்டாம். அங்கே சர்ஜனாக இருந்தவர் டாக்டர் ஏலியம்மா. தொடுபுழைக்காரர். என் தோளுக்குத்தான் வருவார். பாதி மலையாளம், பாதி நோயாளிகளிடம் பொறுக்கிய கொங்குத் தமிழ் என்று பேசுவார். இங்கே படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் தமிழ்ப் பக்கம் சாய்த்து எழுதுகிறேன். அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. ஒரு கேள்வி கேட்பார். பிறகு காத்திருப்பார். அந்தக் காத்திருப்புக்குத் திட்டே தேவலை.

வார்டுக்குப் புதிதாக யார் வந்தாலும், சர்வீஸ் எத்தனை வருடம் ஆனாலும், முதல் நாள் ஒரு பரீட்சை வைப்பார். உள்ளங்கையில் ஊதா மருந்தை ஊற்றிக் கண்ணைக் கட்டிவிடுவார். “வழக்கம்போலக் கை கழுவு.” கழுவி முடித்துக் கட்டை அவிழ்த்தால், நாம் தொடாமல் விட்ட இடமெல்லாம் ஊதா நிறத்தில் பல்லிளிக்கும். எனக்குக் கட்டைவிரல் இரண்டும், நகக்கண் அத்தனையும், மோதிரத்தின் அடியும். டாக்டர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “சாகுலே, எத்தனை வருஷமா இந்தக் கட்டைவிரலால காயம் தொடுற?” கேட்டுவிட்டு நின்றார். மோதிரத்தை அன்றைக்குக் கழற்றியவன்தான்; இன்றுவரை என் வீட்டம்மாவுக்கு அதில் வருத்தம்.

ட்ரெஸ்ஸிங்கைப் பிரித்தால் கண்ணால் பார்ப்பதற்கு முன் மோந்து பார்ப்பார். நாடியை மெஷினில் பார்க்க விடமாட்டார். மணிக்கட்டைப் பிடித்து ஒரு முழு நிமிடம் எண்ணவேண்டும். கால் நிமிடம் எண்ணி நாலால் பெருக்குகிற ஆள் அவர் கண்ணில் திருடனுக்குச் சமம். நோட்டில் ‘நலம்’ என்று எழுதினால் அடியில் பென்சிலால் ஒரு கோடு போடுவார். “நலம்னு நீ நினைக்கறது உன் மனசுக்கு. எனக்கு நம்பர் வேணும்.”

வெள்ளணுக்களைப் பற்றி அவர் எங்களுக்கு விளக்கிய விதம் இன்னும் நினைவிருக்கிறது. எல்லை ஊர்க்காரர்களுக்கு எல்லைக் கதைதான் புரியும் என்று கண்டுவைத்திருந்தார். “ஓணத்துக்கு முன்னாடி எல்லையில பால் வண்டிய நிறுத்தி சோதிக்கறாங்கல்லோ? உடம்பிலயும் அதே செக்போஸ்ட்தான். அங்கே நிக்கற ஆளுங்கதான் வெள்ளணு. ஆபரேஷன்னா செக்போஸ்டுக்கே ஒரு அடி. ரெண்டு மூணு நாள் அவங்க தலை கறங்கி நிப்பாங்க. கள்ளவண்டியெல்லாம் கடக்கற நேரம் அதுதான். நல்ல உடம்புன்னா நாலாம் நாள் எழுந்து விசில் ஊதும். சுகர் உள்ளவங்க, வயசானவங்க, சாப்பாடு சரியில்லாதவங்க, சில மருந்து தின்னறவங்க, இவங்க செக்போஸ்டில ஆள் எழுந்திரிக்க லேட்டாகும். நீங்க அந்த ஆளுங்களைத்தான் முதல்ல பார்க்கணும்.”

நான் நன்றாகத் தலையாட்டினேன். தலையாட்டுவதில் என்னை யாரும் குறை சொன்னதில்லை.

இனி ரங்கசாமிக்கு வருகிறேன்.

பெருமாட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர். அறுபத்தைந்து வயது, சத்தமான குரல். குடலிறக்கம் இறுகிப்போய் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்தார். டாக்டர் திறந்து பார்த்தால் ஒரு சாண் குடல் கறுத்துப்போயிருந்தது. வெட்டியெடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார். அந்தத் தையல் பிடிக்கவேண்டும். பிடிக்காமல் ஒழுகினால் வயிறு முழுக்க அழுக்கு பரவும். ஆளைக் காப்பாற்றுவது பெரும்பாடு. எனக்குக் கொடுத்த வேலை ஒன்றுதான்: அவரைக் கவனிப்பது.

கவனித்தேன். நாள் தவறாமல் தெர்மாமீட்டர் வைத்தேன். காய்ச்சல் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. செவ்வாய் இல்லை. புதன் இல்லை. வியாழனும் இல்லை. காயம் சிவக்கவில்லை, வீங்கவில்லை. வயிற்றை அமுக்கினால் பஞ்சு மாதிரி. எனக்கு ரங்கசாமியைக் கண்டாலே பிடித்துப்போனது. வார்டில் மற்ற இரண்டு பேருக்கு லேசாகச் சுட்டதால் அவர்களைச் சுற்றியே பதறிக்கொண்டிருந்தேன். அலுத்துப்போகும்போது ரங்கசாமி கட்டிலருகே வந்து நின்று இளைப்பாறுவேன்.

வாயும் குறையவில்லை அவருக்கு. “ஏனுங்க பாய், எப்ப ஊட்டுக்கு உடுவீங்க? எனக்கெல்லாம் சீக்கிரம் ஆறீருமுங்க. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி முட்டி வலி, கக்கூசுக்குப் போய் உக்காந்தா எந்திரிக்க முடியாது. இப்பப் பாருங்க. எல்லாம் ராயிக்களிங்க. மூணு வேளையும் களி. ஊருல அம்பது பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கறனுங்க.” பக்கத்துக் கட்டில்காரர்கள் ராகிக்களியின் மகிமையைப் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார்கள். அவர் மனைவி ருக்குமணியம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது அந்த மூன்று நாள் நோட்டை நினைத்தால் எனக்கே என் காதைத் திருகவேண்டும் போலிருக்கும். நாடி: எண்பத்தெட்டு, தொண்ணூற்றாறு, நூற்று நாலு. அத்தனையும் என் கையெழுத்து. ஒவ்வொன்றும் முழு நிமிடம் எண்ணியது. ஏணி வைத்தாற்போல ஏறிக்கொண்டிருக்கிறது. பக்கத்திலேயே, அழகாக, ‘காய்ச்சல் இல்லை, நலமாக உள்ளார்’. நம்பரையும் எழுதினேன், அதைப் பார்க்காமலும் இருந்தேன். இரண்டையும் ஒரே பேனாவால் செய்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ரவுண்ட்ஸ். “ரங்கசாமி எப்படி?”

“காய்ச்சலே இல்ல டாக்டர். ராஜா மாதிரி இருக்கார்.”

டாக்டர் ராஜாவின் மணிக்கட்டைப் பிடித்தார். ஒரு நிமிடம். பிறகு இன்னொரு நிமிடம். நூற்றுப் பதினெட்டு. முந்தின நாள்வரை களிப் பிரசங்கம் செய்தவர் அன்று டாக்டரைப் பார்த்து, “தேங்கா போடற ஆளு வந்துட்டானா?” என்றார். டாக்டர் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்தார். சுகர் ஏறியிருந்தது. வெள்ளணுக்களில் சில ரகம் ஆபரேஷன் அன்று இறங்கினது இறங்கினபடியே கிடந்தது. ஒரு ரகம் சுத்தமாகப் பூஜ்யம்.

“சாகுலே, இந்த ஆளுக்குக் காய்ச்சல் ஏன் வரல்ல?”

இருபது வருடங்களில் காய்ச்சல் ஏன் வந்தது என்று ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். ஏன் வரவில்லை என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். அவர் காத்திருந்தார்.

பிறகு ருக்குமணியம்மா பக்கம் திரும்பி, “இவருக்கு வேற எதாவது மருந்து கொடுக்கறீங்களா? மூட்டு வலிக்கு, மூச்சுக்கு, எதாவது?” என்று கேட்டார்.

“கொலசாமி சத்தியமா ஒரு மருந்தும் இல்லீங்கம்மா.”

ரங்கசாமி கண்ணைத் திறக்காமலே, “களிங்க” என்றார்.

டாக்டர் வேறு சில சோதனைகளுக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத் தன் அறைக்குப் போனார். ஒன்று உள்ளே தையல் விட்டிருக்கவேண்டும். அப்படியானால் உடனே மறுபடி திறக்கவேண்டும். அல்லது வேறு ஏதாவது காரணமாக இருக்கவேண்டும். அப்படியானால் அறுபத்தைந்து வயசு உடம்பை வீணாகத் திறந்ததாகிவிடும். காய்ச்சல் இல்லை, வயிறு இளக்கம் என்பது இரண்டாவதின் பக்கம் நின்றது. நாடி மட்டும் முதலாவதின் பக்கம். அவர் போகும்போது எனக்குச் சொன்னது இவ்வளவுதான்: “எனக்கு எங்கேயோ ஒரு துண்டு குறையுது.”

நான் ரங்கசாமியின் கட்டிலடியில் இருந்த குப்பைக்கூடையை எடுத்தேன். ஆயாவின் வேலை, பதற்றத்தில் கை எதையாவது செய்யவேண்டுமே. கூடைக்குள், ருக்குமணியம்மா தின்ற ஆரஞ்சின் தோலுக்கடியில் சின்ன ரோஸ் காகிதங்கள் கிடந்தன. தோணி மாதிரி மடித்து, பச்சை நூல் சுற்றியவை. நாலைந்து.

அதேபோல ஒரு ரோஸ் தோணி, அதே பச்சை நூலோடு, அந்த நிமிடம் என் சட்டைப் பையில் இருந்தது.

சொல்லிவிடுகிறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் வாரச்சந்தையில் ஒருவர் பெரிய கறுப்புக் குடையின் கீழ் உட்கார்ந்திருப்பார். முட்டி, இடுப்பு, ஆஸ்துமா, மூலம் எல்லாவற்றுக்கும் ஒரே பொடி. நின்றே வேலை செய்து எனக்கு முட்டி போய்விட்டிருந்தது. நம் டாக்டரிடம் காட்டினால் எடையைக் குறை என்பார். குடைக்காரர் அப்படிப்பட்ட அநாகரிகமான பேச்சே எடுக்கவில்லை. பொடி வாங்கிப் போட்ட அன்று மாலையே வலி பறந்தது. எட்டு மாதங்களில் என் முகம் உருண்டு மினுமினுப்பாகிவிட்டது. வார்டில், “சாகுல் சாருக்கு மாப்பிள்ளைக் களை வந்திருக்கு” என்றார்கள். வீட்டில், “இப்பத்தான் பாக்க மனுசனாட்டம் இருக்கீங்க” என்று முதன்முறையாகப் பாராட்டு. ஸ்டீராய்டு தின்றால் முகம் உருளும் என்று நர்சிங் மாணவர்களுக்குப் படம் வரைந்து வகுப்பெடுத்தவன் நான். தினமும் அதே முகத்துக்குக் கண்ணாடியில் சவரம் செய்துகொண்டிருந்தேன். என்ன கலந்திருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டால் தெரிந்துவிடுமே.

நேரே கை கழுவும் தொட்டிக்குப் போனேன். ஊதாப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கும் அளவுக்குக் கழுவினேன். மெமோ வரும். சங்க வாட்ஸாப் குழுவில் என் படம் ஓடும். உருண்டை முகத்தோடு. எதிர்ச் சங்கத்தான் அதற்குப் பாட்டுக்கூடப் போடுவான். கழுவி முடித்தபோது ஒரு புத்திசாலித்தனமான யோசனை வந்தது. கூடையில் கிடைத்ததாக ரோஸ் காகிதத்தை மட்டும் கொடுத்துவிடுவது. பையில் இருப்பதைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள்?

டாக்டரின் மேசையில் காகிதத்தை வைத்தேன். “ரங்கசாமி கூடையில இருந்தது டாக்டர். ஏதோ பொடி.”

அவர் பிரித்து மோந்தார். “எந்தப் பொடி? என்ன வீரியம்?”

“தெரியாது டாக்டர்.”

“ஸ்டீராய்டு கலந்ததா, வெறும் சுக்கா? சுக்குன்னா எனக்குக் கவலை இல்ல. ஸ்டீராய்டுன்னா நான் நம்பின எல்லாம் பொய். செக்போஸ்டில ஆளுக்குக் கட்டிலும் தலையணையும் போட்டுக் கொடுத்திருக்கு. உள்ளே வெள்ளம் புகுந்தாலும் காய்ச்சல் வராது, வயிறு இறுகாது. இதைத் தின்ன ஒரு ஆளைப் பார்த்தா எனக்குத் தெரியும். அவர் உடம்பு பெரிய ஆபரேஷன்ல கலங்கிக் கிடக்கு, அதைப் பார்த்துச் சொல்ல முடியல்ல. வேற யாராவது இதைத் தின்னறதா உனக்குத் தெரியுமா?”

கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

வார்டில் ரங்கசாமி யாரையோ தேங்காய் எண்ணச் சொல்லிக் கத்துவது கேட்டது. அந்தக் குரலில் பழைய சத்தம் இல்லை. நான் சட்டைப் பையிலிருந்து ரோஸ் தோணியை எடுத்து அந்தக் காகிதத்தின் பக்கத்தில் வைத்தேன்.

டாக்டர் தோணியைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். காயத்தைப் பார்க்கிற அதே பார்வை.

“எத்தனை மாசமா?”

“எட்டு.”

“ஒரு நாளைக்கு?”

“ரெண்டு வேளை.”

“எவ்வளவு நேரத்தில வலி போச்சு?”

“அன்னைக்குச் சாயந்தரமே.”

“சட்டைக் கையை மேல ஏத்து.” ஏற்றினேன். முன்கையில் எதிலும் இடித்ததாக ஞாபகமே இல்லாத ஊதாத் திட்டுகள். “சுகர் பார்த்தியா?”

“இல்ல டாக்டர். பயமா இருந்தது.”

“எல்லாத்துக்கும் பயப்படற ஆளு. பயப்படவேண்டிய ஒண்ணை மட்டும் பாக்கெட்டில வெச்சுட்டு நடந்திருக்க.” அதுதான் அவர் என்னிடம் சொன்னதிலேயே கடுமையானது. உடனே எழுந்துவிட்டார். “தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லு. அனஸ்தீஷியா டாக்டரைக் கூப்பிடு. அப்புறம் நீ இதை இன்னைக்கே நிறுத்திடாதே. சட்டுனு நிறுத்தினா நீயும் விழுந்துடுவ. எனக்கு ஒரு நாளைக்கு ஒரு ராஜா போதும்.”

ருக்குமணியம்மாவிடம் போய்க் காகிதத்தைக் காட்டினேன். முகம் வெளுத்துப்போனது. “பொடிதானுங்க பாய் குடுத்தேன், மருந்தா குடுத்தேன்? வாய்ல தண்ணி கூடக் குடுக்காதீங்கன்னீங்க, வெரல்ல தொட்டு நாக்குல தடவி உட்டனுங்க. ரெண்டு வருசமாத் தின்னறாருங்க. களின்னு ஊரெல்லாஞ் சொல்லிப்போட்டாரு, இப்பப் பொடின்னு தெரிஞ்சா மானம் போயிருமுன்னு எங்கையில சத்தியம் வாங்கீட்டாருங்க.” அழுதுகொண்டே, “உசுரோட வந்தா மானத்த அப்பறம் பாத்துக்கலாமுங்க, கூட்டிட்டுப் போங்க” என்றார்.

அன்று ஜும்ஆ தொழுகைக்குப் போகவில்லை. தியேட்டருக்கு வெளியே ரத்தப் பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். முதலில் ரங்கசாமிக்கு ஊசி வழியாக ஸ்டீராய்டே போட்டார்கள்; இரண்டு வருடமாக வெளியிலிருந்து வாங்கிப் பழகிய உடம்பு தானாகச் சுரப்பதை மறந்திருக்கும் என்றார் டாக்டர். பிறகு தையலைப் பிரித்தார். உள்ளே குடல் சேர்த்த இடம் ஒரு ஓரமாக விட்டுப்போயிருந்தது. வயிறெல்லாம் பழுப்புத் தண்ணீர். அவ்வளவு அழுக்கையும் உள்ளே வைத்துக்கொண்டுதான் அந்த வயிறு மூன்று நாளாக என் கைக்குப் பஞ்சாக இருந்தது. கழுவி, குடலின் முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, மலம் இறங்க ஒரு பை மாட்டினார்கள்.

கேஸ் ஷீட்டில் பொடி விவரம் எழுதவேண்டியிருந்தது. ‘தகவல் தந்தவர்’ என்ற இடத்தில் நான் ‘மனைவி’ என்று எழுதினேன். டாக்டர் அதன் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அடித்துவிட்டு எழுதினேன்: ‘அதே பொடியை எட்டு மாதமாகச் சாப்பிடும் ஸ்டாஃப் நர்ஸ் சாகுல்.’ இன்றைக்கும் ரெக்கார்டு ரூமில் என் கையெழுத்தில் அது இருக்கிறது. ஆன்சி போய்ப் பார்க்கலாம். மெமோ வந்தது, பதில் எழுதினேன், இங்கே அது முக்கியமில்லை.

பத்து நாள் ரங்கசாமி பிழைப்பதும் சாவதுமாகக் கிடந்தார். பதினோராம் நாள் கண் தெளிந்து, வயிற்றில் பையைப் பார்த்து, முதல் காரியமாக என்னைத் திட்டினார். பிறகு விஷயம் புரிந்ததும் குரலைத் தாழ்த்தினார். “பாய், பொடி சமாச்சாரம் ஊருக்குப் போகக்கூடாதுங்க. பை கொஞ்ச மாசத்துல எடுத்தருவாங்களாமா. துண்டப் போட்டு மூடிக்கறேன். களி களியாவே இருக்கட்டும்.”

“நானும் சாப்பிட்டேன்னு நீங்க வார்டில சொல்லாதீங்க.”

“ஒத்துக்கறனுங்க.”

இரண்டு உருண்டை முகங்கள் கைகுலுக்கிக்கொண்டன. அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை இருவரும் ஒரே நேரத்தில், ஒரே சொம்புத் தண்ணீரில் விழுங்கினோம். என் முட்டி வலி பழைய உரிமையோடு திரும்பி வந்தது.

அடுத்த வாரம் எதிர்க் கட்டிலுக்குச் சிவராஜ் என்று ஒரு லாரி டிரைவர் வந்தார். வேலந்தாவளத்துக்காரர். மறுநாள் குடலிறக்க ஆபரேஷன். நான் வழக்கம்போலக் கேட்டேன்: “வேற மருந்து எதாவது சாப்பிடறீங்களா?”

“ஒண்ணுமில்லீங்க.”

எழுதிக்கொண்டு திரும்பினேன். சிவராஜ் தலையணைக்கடியிலிருந்து ரோஸ் தோணியை எடுத்து டீயில் கொட்டுவதை நான் பார்க்கவில்லை. ரங்கசாமி பார்த்துவிட்டார்.

ருக்குமணியம்மா அவர் கையைப் பிடித்தார். வேண்டாம் என்பதற்கா, சொல்லுங்கள் என்பதற்கா தெரியவில்லை. பிறகு அந்தப் பழைய குரல், தோப்புக்கு அந்தப் பக்கம் கேட்கிற குரல், வார்டு முழுக்க ஒலித்தது.

“ஏப்பா டைவரு! அந்த டீயக் கீழ வையி. இங்க பாரு.” துண்டை விலக்கிப் பையைக் காட்டினார். “ரெண்டு வருசம் அந்தப் பொடிதான் தின்னேன். களி தின்னேன்னு ஊரயெல்லாம் ஏமாத்திப்போட்டேன். உள்ள குடலு ஒழுகுது, ஒடம்பு ஒரு காச்சல் கூடக் காட்டுல. நீ நாளைக்கு அறுத்துக்கப் போற. பொடியத் தின்னுபோட்டு இல்லீன்னு சொன்னீன்னா, எம்பக்கத்துல இன்னொரு கட்டலு போடச் சொல்லறேன், வந்து படுத்துக்க.”

ஒப்பந்தப்படி அவர் என் பெயரைச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. “நானும்தான்” என்றேன். “எட்டு மாசம். முகத்தைப் பாருங்க.” எல்லோரும் பார்த்தார்கள். யாரோ ஒருவர், “அப்ப அது மாப்பிள்ளைக் களை இல்லீங்களா?” என்றார்.

டாக்டர் வந்து கேட்டதும் சிவராஜ் பொடியை ஒப்புக்கொண்டார். டாக்டர் அவர் பெயரை மறுநாள் பட்டியலிலிருந்து அடித்து, ரத்தம் எடுக்கச் சொன்னார். சிவராஜுக்குக் கோபம். “நெசத்தச் சொன்னா ஆபரேஷனத் தள்ளிப்போடறீங்க. இது என்னங்க நாயம்? லோடு கெடக்குதுங்க.”

“நாயமெல்லாம் தெரியாது” என்றேன். “உங்க உடம்பு உங்களுக்குக் காவல் நிக்குமான்னு பார்த்துட்டுத்தான் கத்தி வைப்பாங்க.”

அவர் டீயை ஜன்னல் வழியாக ஊற்றினார். சைகையால் என்னைக் கிட்டே வரச் சொல்லி, வார்டு முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதை மறந்து, ரகசியமாகச் சொன்னார்:

“பாய், எங்கூட்டுக்காரியும் இதேதானுங்க தின்னறா. அவளுக்கு வர்ற புதங்கெழமை இங்கதானுங்க பித்தப்பை ஆபரேஷன். கேட்டப்ப இல்லீன்னுதான் சொல்லியிருக்கறா.”

நான் பேனா மூடியைத் திறந்தேன்.

“பேரைச் சொல்லுங்க. எத்தனை மாசமா?”